ஹூக்ளி ஆற்றில் படகேறி ஊர் பார்க்க: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கொல்கத்தாவில் குடியிருப்பவனுக்கு ஊரிலிருந்து போன் வந்தால், நலம் விசாரித்த கையோடு அடுத்த கேள்வி பெரும்பாலும் ஆற்றைப் பற்றித்தான். 'கப்பல்ல போய் ஐரோப்பியர் இருந்த அந்தப் பழைய ஊரெல்லாம் பார்க்கலாமாமே?' என்று ஆரம்பிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஹூக்ளின்னு சொல்றீங்க, கங்கைன்னும் சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணா?

கங்கையின் ஒரு கிளை. முர்ஷிதாபாத் மாவட்டத்தில் தாய் ஆறு கிழக்கே திரும்பி பத்மா என்ற பெயரில் வங்கதேசத்துக்குள் போகிறது. தெற்கே பிரியும் கிளைக்குப் பாகீரதி என்று பெயர். நவத்வீபம் அருகே ஜலங்கி வந்து சேர்ந்த பிறகு அதையே ஹூக்ளி என்கிறார்கள். இதெல்லாம் வரைபடத்துக்கு. கரையில் இருப்பவர்களுக்கு எல்லாமே 'கொங்கா'தான். செம்பில் பிடித்துக்கொண்டு போகிறார்கள், பிள்ளையார் முதல் துர்க்கை வரை கரைக்கிறார்கள்.

இன்று இதில் ஓடும் தண்ணீரில் பெரும்பங்கு மனிதன் திருப்பிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வண்டல் சேர்ந்து கொல்கத்தா துறைமுகம் தூர்ந்துகொண்டே போனதால் ஃபராக்காவில் அணை கட்டி, சுமார் 40 கி.மீ. நீளக் கால்வாய் வெட்டி, கங்கை நீரைப் பாகீரதியில் விட்டார்கள். அணை 1975இல் செயல்பாட்டுக்கு வந்தது. படகுப் பயணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. மாதம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

ஆலப்புழை ஹவுஸ்போட் மாதிரி இருக்குமா?

இருக்காது. அந்த எண்ணத்தோடு வந்தால் ஏமாந்துதான் போவீர்கள். அங்கே படகே வீடு. தென்னை, காயல், கரிமீன் என்று ஓரிடத்தில் கிடப்பதே சுகம். இங்கே ஆறு அகலமானது, கலங்கலானது, உழைக்கிற ஆறு. கொல்கத்தாவிலிருந்து வடக்கே பண்டேல் வரை கரை நெடுகப் பழைய சணல் ஆலைகள், புகைபோக்கிகள், செங்கல் சூளைகள். 1855இல் ரிஷ்ராவில் தொடங்கிய சணல் ஆலைத் தொழிலின் மிச்சம் அது. நடுநடுவே ஒரு கோவில், ஒரு மாதா கோவில் கோபுரம், ஒரு சுடுகாடு. ஊரில் இறங்கி நடக்கத்தான் இந்தப் பயணம். படகு அதற்கு ஒரு வண்டி.

கப்பல்ல போறதைத் தவிர வேற வழியே இல்லையா?

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, தங்கும் அறைகளோடு ஆற்றின் நீளவாக்கில் போகும் சொகுசுக் கப்பல். கொல்கத்தாவில் ஏறினால் ஏறக்குறைய ஒரு வாரம். 2023 ஜனவரியில் வாரணாசியிலிருந்து திப்ரூகர் வரை 51 நாள், 3,200 கி.மீ. போன கங்கா விலாஸைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது இதன் ராட்சத வடிவம். இரண்டு, நகருக்குள் ஒன்றிரண்டு மணி நேரம் சுற்றிக்காட்டும் படகுகள். ஹவுரா பாலம், பேலூர் மடம், தட்சிணேஸ்வரம் பார்க்க அது போதும்.

மூன்றாவதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன்: கரையோடு உள்ளூர் ரயில், குறுக்கே கேயா படகு. 'கேயா' என்றால் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போகும் படகு; அது புறப்படும் படித்துறை 'காட்'. ஊருக்கு ஊர் நின்று நீளவாக்கில் போகும் தினசரிப் படகை நம்பித் திட்டம் போடாதீர்கள். குறுக்கே போகும் படகுகளோ காலையிலிருந்து இரவு வரை ஓடிக்கொண்டே இருக்கும். மேற்குக் கரையில் ஹவுரா–பண்டேல் ரயில், கிழக்குக் கரையில் சியால்டா–நைஹாட்டி ரயில். இரண்டையும் படகால் தைத்துக்கொண்டே போகலாம்.

அப்போ அந்த ஒரு வாரக் கப்பல் வேஸ்டா?

வேஸ்ட் இல்லை. ஆனால் பண்டேல் வரைக்கும் அது தேவையில்லை. ஹவுராவிலிருந்து பண்டேல் வெறும் 40 கி.மீ. ரயிலில் ஒரு மணி நேரம். அந்தத் துண்டில் கப்பல் உங்களுக்குக் கொடுப்பதைவிடக் கேயா படகு அதிகம் கொடுக்கும். சைக்கிள், கோழிக்கூடை, பள்ளிப் பிள்ளைகள், அலுவலகம் விட்டு வருபவர்கள், நீங்கள் என்று எல்லாரும் ஒரே பலகையில் நிற்பீர்கள்.

பண்டேலுக்கு மேலே கதை வேறு. கால்னா, நவத்வீபம், காட்வா, பிளாசி, முர்ஷிதாபாத் என்று ஊர்கள் தள்ளித் தள்ளி வரும். ஆலைகள் மறைந்து கடுகு வயலும் வாழையும் வெறும் மணல் திட்டுமாக ஆறு மாறிவிடும். அங்கேதான் கப்பலின் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்காருவதற்கு அர்த்தம். பணமும் ஒரு வாரமும் இருந்தால் தாராளமாகப் போங்கள். எதையும் விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் மட்டும் போக வேண்டாம்.

எந்த மாசம் வரலாம்?

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. டிசம்பர் கடைசி, ஜனவரியில் காலை மூடுபனி இருக்கும். அது விலகும்வரை படகு எடுக்க மாட்டார்கள், அன்றைய திட்டத்தில் இரண்டு மணி நேரத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள். மார்ச் முதல் மே வரை வெயில் ஒரு தொல்லை, மேல் ஆற்றில் ஆழம் இன்னொரு தொல்லை. ஃபராக்கா நீரை இந்தியாவும் வங்கதேசமும் 1996 ஒப்பந்தப்படி ஜனவரி முதல் மே வரை பத்துப் பத்து நாள் கணக்கில் பங்கிட்டுக்கொள்கின்றன. கோடையில் தண்ணீர் குறையும்போது பெரிய படகுகளுக்கு மணல் தட்டும்.

மழைக்காலத்தில் ஆறு பார்க்க அழகு, ஹில்சா மீனும் அப்போதுதான். ஆனால் அது சாப்பிட வருகிறவர்களுக்கான பருவம், படகேற வருகிறவர்களுக்கு இல்லை.

ஒரே ஒரு நாள்தான் இருக்கு. எங்கே போகட்டும்?

காலையில் சியால்டாவில் ஏறி பாரக்பூரில் இறங்குங்கள். 1857இல் மங்கள் பாண்டே துப்பாக்கி தூக்கிய ராணுவக் குடியிருப்பு அது. தோபி காட்டுக்குப் போய்ப் படகேறினால் அக்கரையில் டேனிஷ்காரர்கள் ஊரான செராம்பூர். அங்கே இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, ரயிலேறிப் பிரெஞ்சுக்காரர்கள் ஊரான சந்தன்நகர். மதியச் சாப்பாடு, ஆற்றங்கரை நடை. மாலையில் சந்தன்நகர் ராணி காட்டிலிருந்து படகில் ஜகத்தளம், அங்கிருந்து ரயிலில் சியால்டா. ஒரே நாளில் இரண்டு தடவை ஆற்றைக் கடந்திருப்பீர்கள். டென்மார்க், பிரான்ஸ் இரண்டையும் பார்த்த கணக்கிலும் வரும்.

செராம்பூருக்கும் நம்ம தரங்கம்பாடிக்கும் சம்பந்தம் உண்டாமே?

ஒரே முதலாளி. தரங்கம்பாடியில் 1620இலிருந்து இருந்த டேனிஷ்காரர்கள், 1755இல் இங்கே ஒரு வணிகத்தளம் போட்டு, தங்கள் அரசர் பெயரில் ஃப்ரெடரிக்ஸ்நகர் என்று வைத்தார்கள். விற்றதும் ஒன்றாகத்தான்: 1845இல் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் தள்ளிவிட்டுப் போனார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த ஒற்றுமை அச்சகம். தரங்கம்பாடியில் சீகன்பால்க் தமிழ் எழுத்து வார்த்து அச்சடித்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்தார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1800இல், ஆங்கிலேயப் பாதிரியார் வில்லியம் கேரி செராம்பூரில் அச்சகம் வைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் பாதிரிமார்களை விரும்பவில்லை; டேனிஷ் கொடி பறந்த இந்தத் துண்டு நிலத்தில் இடம் கிடைத்தது. இங்கே வங்காள எழுத்துகளை வார்த்தவர் பஞ்சானன் கர்மகார் என்ற உள்ளூர்க் கொல்லர். 1818இல் சமாச்சார் தர்ப்பண் என்ற வங்காள வார இதழ் இங்கிருந்து வந்தது. அதே ஆண்டில் தொடங்கிய செராம்பூர் கல்லூரி இன்றும் ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறது.

பார்க்க வேண்டியவை: புனித ஓலாவ் தேவாலயம் (1806), கல்லூரி, 1786இல் கட்டி, பாழடைந்து, மீண்டும் செப்பனிட்டுத் திறந்த டேனிஷ் சத்திரம். இப்போது அங்கே உட்கார்ந்து காபி குடிக்கலாம். ஓலாவ் தேவாலயத்தைப் பார்த்தால் தரங்கம்பாடி ஞாபகம் வருமா என்று கேட்டால், வராது. இங்கே கடல் இல்லை, உப்புக்காற்று அரித்த சுவரும் இல்லை.

சந்தன்நகர் பாண்டிச்சேரி மாதிரியே இருக்குமா?

பாண்டிச்சேரியை எதிர்பார்த்து வந்த என் அத்தை 'இதுக்கா இவ்வளவு தூரம்' என்றுவிட்டார். மஞ்சள் சுவர் வரிசையெல்லாம் இங்கே கிடையாது. வங்காள ஊர் ஒன்று. அதன் ஆற்றோரத்தில் மட்டும் ஏறக்குறைய ஒரு கி.மீ. நீளத்துக்கு மரநிழலில் ஒரு நடைபாதை. அதைத்தான் ஸ்ட்ராண்ட் என்கிறார்கள். ஒட்டினாற்போலப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே வாழ்ந்ததாகச் சொல்லும் மாளிகை, இப்போது அருங்காட்சியகம். திறந்திருக்கும் நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள். ஸ்ட்ராண்டின் கோடியில் பாதாள் பாடி: அடித்தளம் ஆற்றுக்குள் இறங்கி நிற்கும் வீடு. தாகூர் தங்கிய இடம்.

ஊர் வேறாக இருந்தாலும் வரலாறு பங்காளிதான். நம் பழைய நூல்களில் இது 'சந்திரநாகூர்'. டூப்ளே 1731இலிருந்து பத்தாண்டு இதை ஆண்டு, வணிகத்தில் கொழிக்க வைத்த பிறகுதான் பாண்டிச்சேரிக்குப் போனார். 1910 பிப்ரவரியில் அரவிந்தர் கொல்கத்தாவில் போலீஸ் கண்ணில் படாமல் ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறி வந்திறங்கியது இங்கேதான். ஆறு வாரம் போல ஒளிந்திருந்து, அப்புறம் கப்பலேறி ஏப்ரல் 4ஆம் தேதி பாண்டிச்சேரி சேர்ந்தார். கப்பலின் பெயர் டூப்ளே! 1949 வாக்கெடுப்பில் இந்த ஊர் இந்தியாவோடு சேர முடிவெடுத்து, 1950 மே 2இல் கைமாறியது. பாண்டிச்சேரிக்கு 1954 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜொல்பொரா சந்தேஷ் என்ற பால் இனிப்பைச் சாப்பிடாமல் ரயிலேறாதீர்கள். கடித்தால் உள்ளிருந்து பன்னீர்ப் பாகு தெறிக்கும். சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்சுராவை எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க. இறங்கணுமா?

இறங்குங்கள். டச்சுக்காரர்கள் ஊர் இது. 1824இல் லண்டனில் போட்ட ஒப்பந்தத்தில் சின்சுராவோடு நம் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் எல்லாமே ஆங்கிலேயர் கைக்குப் போயின. பதிலுக்குச் சுமத்ராவில் பெங்கூலன் டச்சுக்காரர்களுக்கு. பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகளைப் பார்த்தவர்களுக்கு இங்குள்ள கல்லறைத் தோட்டம் அந்நியமாகத் தெரியாது. தனியே நிற்கும் குவிமாடக் கல்லறை ஒன்று 1809இல் இறந்த சூசன்னா அன்னா மரியாவுடையது. உள்ளூர்க்காரர்கள் அவருக்கு ஏழு கணவர்கள் என்று கதை கட்டி, 'சாத் சாஹேபேர் பீபி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஆனால் இங்கே இறங்குவதற்கு முதல் காரணம் ஹூக்ளி இமாம்பாரா, ஷியா முஸ்லிம்கள் முஹர்ரம் துக்கத்துக்குக் கூடும் மண்டபம். ஹாஜி முகமது மொசின் தன் சொத்தையெல்லாம் அறக்கட்டளைக்கு எழுதிவைத்துப் போன பணத்தில் கட்டி 1861இல் முடித்தது. வாசலில் இரட்டைக் கோபுரம்; ஏற ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. நடுவில் 1852இல் 11,721 ரூபாய்க்கு வாங்கிய லண்டன் கடிகாரம். மேலே ஏறினால் ஆறும், நைஹாட்டிக் கரையும், ரயில் பாலமும் ஒரே பார்வையில். இந்தப் பயணத்திலேயே ஆற்றைப் பார்க்க ஆகச் சிறந்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அம்மா வேளாங்கண்ணி பக்தை. பண்டேல் கோவில் அதே மாதிரிதான்னு சொன்னாங்க, உண்மையா?

கதையில் ஒற்றுமை இருக்கிறது. இரண்டு இடத்திலும் புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல், பிழைத்தால் காணிக்கை என்ற நேர்த்திக்கடன். இங்கே மாலுமித் தலைவர் கப்பலின் பாய்மரத்தையே பிடுங்கிக் கொடுத்துவிட்டார் என்பார்கள். மாதாவின் பெயரும் நல்ல பயணத்தின் அன்னை. 1599இல் முதல் கோவில். 1632இல் ஷாஜகானின் படை போர்த்துக்கீசியர்களை அழித்தபோது அதுவும் போயிற்று. 1660இல் மறுபடி கட்டினார்கள். கூட்டத்தில் வேளாங்கண்ணியோடு ஒப்பிட முடியாது, கிறிஸ்துமஸ் சமயம் தவிர. அம்மா நிம்மதியாக ஜெபம் செய்யலாம்.

பண்டேலுக்கு மேலே ஒண்ணும் இல்லை, திரும்பிடுங்கன்னு டாக்சிக்காரர் சொல்றாரே?

அவருக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகணும். பண்டேலை அடுத்த பான்ஸ்பேரியாவில் ஹங்ஸேஸ்வரி கோவில் (1814): தாமரை மொட்டுகளாக 13 கோபுரம், இந்தியாவில் வேறெங்கும் நான் பார்த்திராத வடிவம். பக்கத்திலேயே 1679இல் கட்டிய அனந்த வாசுதேவர் கோவில், சுவரெல்லாம் சுடுமண் சிற்பம். அதில் கப்பல்களும் துப்பாக்கிக்காரர்களும்கூட உண்டு. நம் கருங்கல் கோவில்களிலேயே கண் பழகியவர்களுக்குச் செங்கல்லும் சுட்ட மண்ணும் முதலில் எளிதாகத் தோன்றும். கிட்டே போய்ப் பாருங்கள்.

பண்டேல்–காட்வா ரயிலில் மேலே போனால் அம்பிகா கால்னா. பர்தமான் மகாராஜா 1809இல் கட்டிய 108 சிவன் கோவில்கள்: வெளிவட்டத்தில் 74, உள்வட்டத்தில் 34. வெளிவட்டத்தில் லிங்கம் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. உள்ளே அத்தனையும் வெள்ளை. அதற்கு மேல் நவத்வீபம், 1486இல் வைணவ மகான் சைதன்யர் பிறந்த ஊர். அக்கரை மாயாபூருக்குப் படகில் போகும்போது ஜலங்கி சேரும் இடத்தில் இரண்டு தண்ணீரின் நிறம் ஒட்டாமல் ஓடுவதைக் காட்டுவார்கள். நல்ல வெயிலில் தெரியும்.

முர்ஷிதாபாத்துக்கும் இப்படியே போயிடலாமா?

கரைவழியே தொத்தித் தொத்திப் போனால் இரண்டு நாள் ஆகும். கப்பல் இல்லையென்றால் சியால்டாவிலிருந்து லால்கோலா ரயிலில் நேராகப் போங்கள், சுமார் 200 கி.மீ. 1837இல் முடித்த ஹசார்துவாரி ('ஆயிரம் வாசல்') அரண்மனை ஆற்றங்கரையில். ஆயிரம் வாசலில் நூறு பொய்க் கதவு. வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். பிளாசியில் 1757இல் ஆங்கிலேயரிடம் தோற்ற வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவின் கல்லறை அக்கரையில் குஷ்பாகில் இருக்கிறது. படகில் கடந்து போய்ப் பார்க்க வேண்டும். ஒரு தோட்டமும் அமைதியும், அவ்வளவுதான். அரண்மனையை விட அங்கேதான் எனக்கு நேரம் ஆனது.

ஆறுதானே, கடல் மாதிரி ஏத்தம் வத்தம் எதுக்குப் பார்க்கணும்?

கடல் இந்த ஆற்றுக்குள் நவத்வீபம் வரை எட்டிப் பார்க்கிறது. கொல்கத்தாவில் ஆறு மணிக்கொரு தடவை ஆறு திசை மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஏறுவது 'ஜோயார்', வத்துவது 'பாட்டா'. வத்தும் ஓட்டத்துக்கு எதிராகப் போகிற சின்னப் படகு எண்ணெயைக் குடிக்கும், நகராது. ஒருமுறை ஒரு முகவர் 'சந்தன்நகர் வரை ஒருநாள் படகு' என்று எங்கள் குடும்பத்தையே ஏற்றிவிட்டு, ஓட்டம் எதிரே வருகிறது என்று பாரக்பூரிலேயே திருப்பிவிட்டார். முன்பணம் முழுசாகத் திரும்பவும் வரவில்லை.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 'பான்' வரும். கடல்நீர் சுவர்போல எழும்பி ஆற்றுக்குள் ஓடிவரும் அலை. ஆவணி, புரட்டாசி வாக்கில் வருவது பெரியது. இரண்டு காளைகள் முட்டிக்கொள்வதுபோல இருப்பதால் அதற்கு அந்தப் பொருளிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். நேரம் முன்கூட்டியே தெரியும். அந்நேரம் படகுகளை நிறுத்திவிடுவார்கள். படியில் இறங்கி நின்று போட்டோ எடுக்காதீர்கள்.

நீச்சல் தெரியாது. பயமில்லையே?

பயப்பட வேண்டாம், ஆனால் அசட்டையும் வேண்டாம். 2016இல் கால்னாவில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்தது. 2017இல் தெலினிபாராவில் ஏற்றத்தின் வேகத்தில் மூங்கில் படகுத்துறை இடிந்தது. இரண்டிலும் பலர் இறந்தார்கள். மிதவை உடை கேட்டு வாங்குங்கள். திருவிழா நாள் இரவில் கூட்டத்தோடு படகேற வேண்டாம். நிரம்பி வழிந்தால் அடுத்த படகு. பத்து இருபது நிமிடத்தில் வந்துவிடும்.

அப்பாவுக்கு முட்டி வலி. படகேற முடியுமா?

ஏறுவதை விடப் படகுத்துறைக்கு இறங்குவதுதான் சிரமம். மிதவைத்துறைக்குப் போகும் பாலம், தண்ணீர் ஏறியிருக்கும்போது சமமாக இருக்கும். வத்தியிருக்கும்போது செங்குத்தாகச் சரியும். அப்பாவை ஏற்ற நேரத்தில் கூட்டிப் போங்கள். மூங்கில் துறை உள்ள சின்னக் காட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சைவம்தான். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

'நிராமிஷ்' என்று சொல்லுங்கள், மீன் இல்லாமல் கொடுப்பார்கள். காலையில் கச்சோரியும் உருளைக் கறியும், மதியம் சோறு, பருப்பு, சுக்தோ (லேசான கசப்புள்ள காய்கறிக் கூட்டு). நாக்கு செத்துப்போனால் கொல்கத்தா திரும்பி லேக் மார்க்கெட் பக்கம் போங்கள், இட்லி காத்திருக்கும்.

பெங்காலி சுத்தமா தெரியாதே?

'தாதா' (அண்ணா), 'திதி' (அக்கா), 'காட் கோதாய்?' (படித்துறை எங்கே?), 'கதோ?' (எவ்வளவு?). இந்த நாலு போதும். மீதிக்கு உடைந்த இந்தி இருக்கவே இருக்கிறது, அவர்களுடையதும் உடைந்ததுதான்.

டால்ஃபின் பார்க்கலாமா?

மேல் ஆற்றில், குறிப்பாகக் காட்வா பக்கம், வாய்ப்பு உண்டு. கங்கை டால்ஃபினுக்கு அநேகமாகக் கண் தெரியாது. ஒலியை வைத்தே கலங்கல் தண்ணீரில் வழி தேடும். மூச்சு விட மேலே வரும் ஒரு நொடிதான். கேமராவை எடுப்பதற்குள் போய்விடும்.

ஐரோப்பியர் ஊரெல்லாம் ஒரே கரையில் இருக்கே, அது ஏன்?

நல்ல கேள்வி, ஒரே ஒருவர்தான் இதைக் கேட்டார். வங்காளத்தின் பழைய துறைமுகம் சப்தகிராமம், மேற்குக் கரையில். அதன் சரஸ்வதி ஆறு தூர்ந்ததும் போர்த்துக்கீசியர் பக்கத்திலேயே ஹூக்ளி என்ற ஊருக்கு வந்தார்கள். வணிகமும் சுங்கமும் அங்கே இருந்ததால் பின்னால் வந்தவர்களும் அதே கரையில் வரிசையாக ஒட்டிக்கொண்டார்கள். கரையும் சற்று மேடு. ஆங்கிலேயரும் முதலில் ஹூக்ளியில்தான் கடை விரித்தார்கள்; மொகலாய அதிகாரிகளோடு சண்டை முற்றிய பிறகு, 1690இல் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் எதிர்க்கரைச் சுதானுட்டியில் இறங்கினார். சதுப்பு, கொசு, காய்ச்சல். ஆனால் நடுவே ஆறு அகழியாக இருந்தது. அந்த இடம்தான் கொல்கத்தா.

கடைசியா ஒண்ணு, படகில் எந்தப் பக்கம் உட்காரணும்?

கொல்கத்தாவிலிருந்து மேலே போகும்போது அந்த ஊர்கள் எல்லாம் இடப்பக்கம். காலையில் கிழக்கு வெயில் அவற்றின் முகத்தில் அடிக்கும், இடப்பக்கமே உட்காருங்கள். மூன்று மணிக்கு மேல் அதே பக்கம் கண் கூசும், கோபுரங்கள் நிழலாகத்தான் தெரியும். அப்போது எழுந்து வலப்பக்கம் போய்விடுங்கள். ஆலைப் படித்துறைகளில் ஷிஃப்ட் முடிந்து குளிக்க இறங்குகிற நேரம் அது.